அவருக்காகத் தூங்கியவள்

சரக்கு யார்டில் அவருக்குப் பெயர் ஆந்தை. வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கப்பலிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கும் பெரிய கிரேனை இருபத்தாறு வருடமாக ஓட்டினார். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் ஒவ்வொரு பிடி. கீழே நிற்கிற ஆள் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிவான். அங்கிருந்து முப்பது டன் பெட்டியை லாரியின் நான்கு மூலையிலும் ஒரே முறையில் உட்காரவைப்பார். "ஆந்தை வெச்சா சத்தமே வராதுப்பா" என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார்.

கண் கூர்மைக்காக அந்தப் பெயர் வந்தது என்று புது ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. மனிதருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவர் தூக்கிய பெட்டியின் மூலைக் கொக்கி ஒன்று கழன்று, கீழே கையசைத்துக்கொண்டிருந்த சிக்னல்காரர் மேல் பெட்டி சரிந்து, அந்த ஆள் அங்கேயே இறந்துபோனார். கொக்கிதான் பழுது, கிரேன் ஓட்டியவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கண்ணுக்குக் காட்டினால் கண் தூங்கிவிடுமா? அன்றிலிருந்து படுத்தால் இரண்டு மணி நேரம், அதிகம் போனால் மூன்று. மற்ற நேரமெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் படுத்திருந்த மனைவிக்கு மட்டும் சொல்லாமலே தெரியும்.

அந்த அம்மாளோ அவருக்கு நேர் எதிர். பிறந்த வீட்டில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள் தூங்கிவிடுவாள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊசி எடுத்து வருவதற்குள் தூங்கியிருக்கிறாள். வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷின் வைத்துக்கொண்டு, பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிடிப்பது என்று அக்கம்பக்கத்து வேலையெல்லாம் செய்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தைப்பாள். தலையணையில் தலை பட்டால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள். "ஆண்டவன் ரெண்டு பேருக்குமான தூக்கத்தை ஒரே பொட்டலமா கட்டி என்கிட்ட கொடுத்துட்டான்" என்று சிரிப்பாள். மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

கைப்பட்டை வந்தது இந்த வீட்டுக்குள்தான்.

யார்டில் ஒருநாள் எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து, மனநலப் பிரிவு என்று ஒன்று தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்குத் தலைமையாக வந்த பெண்ணை ஒரே வாரத்தில் எல்லோரும் மனநல மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபத்தொன்பது, முப்பது வயதிருக்கும். மெதுவாகப் பேசுவார், கேட்பதை உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்பார். நல்ல பெண். இந்தக் கதையில் ஒரு கெட்டவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட முடியாது என்பதுதான் கஷ்டம்.

"இந்தப் பட்டையைத் தூங்கும்போது கையில கட்டிக்கணும்" என்றார் மேடம். "நாடித்துடிப்பு, மூச்சு, எத்தனை தடவை புரளுறீங்க, எப்ப முழிக்கிறீங்க, எல்லாம் எங்களுக்கு வந்துடும். கூண்டுல இருக்கற கேமரா நீங்க கண் சிமிட்டறதைக் கணக்கெடுக்கும். மூணு யார்டு, எட்டாயிரம் பேரு. இத்தனை பேரோட விவரத்தையும் சேர்த்துப் பாத்தா, யாரு மனசு களைச்சுப் போயிருக்குன்னு அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னால எங்களுக்குத் தெரிஞ்சுடும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "என் பொண்டாட்டி மனசு எப்ப களைக்கும்னும் சொல்லுமா மேடம்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, பட்டையால் நல்லதும் நடந்தது. முதல் மாதத்திலேயே ஒரு லாரி டிரைவரை மேடம் கூப்பிட்டுப் பேசினார். அந்த ஆள் மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார் என்று பட்டை காட்டியிருக்கிறது. பேசப் பேச, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு அவர் போயிருந்தது தெரிந்தது. விடுப்பும் வைத்தியமும் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். யார்டு விபத்துகளும் வருடத்துக்கு ஏழிலிருந்து இரண்டாகக் குறைந்தன. ஆந்தையே அந்தப் பட்டையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தால், பதினோரு வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை அந்த மேடத்திடம் சொல்லி அழுதிருக்கலாம். தூக்கமும் வந்திருக்கலாம்.

ஆனால் பட்டையோடு கூடவே ஒரு விதியும் வந்தது. ஒவ்வொரு தூக்கத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க். மூன்று வாரச் சராசரி ஐம்பத்தைந்துக்குக் கீழே போனால் கூண்டிலிருந்து தரைக்கு மாற்றுவார்கள். 'தற்காலிகமாக' என்று எழுதியிருந்தது. தற்காலிகமாக இறங்கிய ஏழு பேரில் ஒருவர்கூடத் திரும்ப மேலே ஏறவில்லை. தரையில் என்றால், பெட்டி மேல் ஏறி இறங்கி இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டும் வேலை. ஐம்பத்து மூன்று வயதில், படி ஏறினாலே கிறீச்சிடும் முழங்காலோடு அவர் அதைச் செய்ய முடியாது. அது ஒரு பக்கம். இருபத்தாறு வருடம் மேலேயிருந்து பார்த்த யார்டைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதை நினைத்தாலே அவருக்குத் தாங்கவில்லை.

முதல் நாள் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தார். நாற்பத்தொன்று. அடுத்த நாள் முப்பத்தெட்டு. மார்க்கை நினைத்தே தூக்கம் இன்னும் கெட்டது. முப்பத்து நான்கு.

அன்று காலை அவர் போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மனைவி ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்: "அதை என் கையில கட்டுங்க. நான்தான் சும்மா தூங்கறேன்ல? உங்களுக்கும் சேர்த்துத் தூங்கிட்டுப் போறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் விளையாட்டாகத்தான் கட்டினார். பட்டை உடம்புச் சூட்டைப் பார்த்துத் தானே விழித்துக்கொள்ளும். யார் உடம்பு என்று கேட்காது. காலையில் பார்த்தால் தொண்ணூற்று மூன்று.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு வெகுநாளாகியிருந்தது. "பள்ளிக்கூடத்துல இவ்வளவு மார்க் நான் வாங்கினதே இல்லீங்க" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. இரவு வேலை வாரங்களில்தான் கொஞ்சம் சிரமம். அவர் காலையில் திரும்பி வந்து பகலில் தூங்குவதாகக் கணக்கு. அதனால் இரவெல்லாம் தூங்கி எழுந்த அவளே மறுபடி எட்டு மணிக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பாள். அதற்கும் அவள் சளைக்கவில்லை. தைக்க வேண்டிய பேன்ட்கள் மட்டும் நாற்காலியில் குவியும். அவர் சத்தம் போடாமல் சமையலைப் பார்ப்பார், கடைக்குப் போவார், அவளுக்கு நூலும் பட்டனும் வாங்கி வருவார். கேமராவுக்கு அவர் பயப்படவில்லை. விழித்திருக்கும் கண்ணைத்தானே அது கேட்கிறது? அந்தக் கண்ணுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை.

யார்டில் அவர் மதிப்பு ஏறியது. நன்றாகத் தூங்குகிறவர் பட்டியலில் மூன்று மாதம் தொடர்ந்து முதலிடம். ஒரு சான்றிதழ் கொடுத்து, மேடையில் ஏற்றி, உங்கள் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். திருதிருவென விழித்துவிட்டு, "சீக்கிரம் சாப்பிட்டுடுவேன். போனைத் தூர வெச்சிடுவேன்" என்றார். மேடம் அதை எழுதி யார்டு முழுக்க ஒட்டினார். "ஆந்தைய்யா, பேரை மாத்திடலாமா?" என்று லாரிக்காரர்கள் கலாய்த்தார்கள். அவரும் அசடு வழிந்தார். நாளாக நாளாக அந்த மார்க் தன்னுடையது என்றே அவருக்கு ஆகிப்போனது. "நேத்து எனக்குத் தொண்ணூறு" என்பார். வீட்டிலும் அப்படித்தான் சொல்வார். அவளும் திருத்தமாட்டாள்.

ஒரு வருடம் இப்படி ஓடியது. அப்புறம் மார்க் இறங்க ஆரம்பித்தது.

எண்பத்தெட்டு. எண்பத்தொன்று. எழுபது. 'தூக்கத்தில் இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு சீராக இல்லை. மனதில் ஏதோ பதற்றம் இருக்கலாம். எங்களோடு பேசுங்கள்' என்று போனில் செய்தி வந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், இது மருத்துவக் கருவி அல்ல, மனநிலையை அறிவதற்கு மட்டும் என்றும் இருந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

"என்ன, சரியா தூங்கலையா?" என்று கேட்டார் அவர்.

"தூங்கினேனே. நடுவுல ரெண்டு தடவை முழிப்பு வந்துச்சு. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டற மாதிரி இருக்கு. இன்னொரு தலையணை வெச்சுக்கறேன்."

இரண்டு தலையணை வைத்தாள், அப்புறம் மூன்று. செருப்பு வார் காலைப் பிடிக்கிறது என்று ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டாள். நாள் முழுக்க மெஷினை மிதித்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். அவர் பட்டை மேல் சந்தேகப்பட்டு வேறு பட்டை வாங்கி வந்தார். அதுவும் அறுபத்திரண்டுதான் காட்டியது. அங்கேயாவது அந்த மனிதர் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அறுபத்திரண்டு என்றால் ஐம்பத்தைந்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் யோசித்தார்.

மேடம் கூப்பிட்டனுப்பினார். "சார், உங்களுக்கு வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"பழைய விஷயம் ஏதாவது மனசை அரிக்குதா?"

கேட்டாரே, சரியான கேள்வியைத்தான் கேட்டார்! பதினோரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் மேடம் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொருத்தியின் இதயத்தை. உண்மையைச் சொன்னால் எல்லாம் அவிழ்ந்துவிடும். "அப்படி எதுவும் இல்ல மேடம்" என்றார்.

முன்னெச்சரிக்கையாக அவரைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார் மேடம். சட்டையைக் கழற்றி, நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். "குதிரை மாதிரி இருக்கீங்க. இதயத்துல ஒரு குறையும் இல்ல" என்று எழுதிக்கொடுத்தார் டாக்டர். அந்தத் தாள் மேடத்தின் மேஜைக்குப் போனது. உடம்பில் குறையில்லை என்றால் மனசில்தான் குறை என்று மேடம் முடிவுகட்டினார். அவர் கையில் இருந்த விவரங்களை வைத்து வேறு எந்த முடிவுக்கும் யாரும் வந்திருக்க முடியாது. தினமும் இருபது நிமிடம் ஆழமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, "இதயத்துக்கு ஒண்ணுமில்லையாம்! குதிரையாம்!" என்றார் அவர் சந்தோஷமாக.

அவள் மெஷினை நிறுத்தினாள். "உங்களுக்குத்தானே ஒண்ணுமில்ல?" என்றாள்.

"பின்ன யாருக்கு?" என்றுவிட்டு, மூச்சுப் பயிற்சியை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். மூச்சு முட்டுகிறவளை உட்காரவைத்து, இன்னும் இழு, இன்னும் இழு என்றார். அவளும் இழுத்தாள்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்து மூன்று. வருகிற புதன்கிழமை மூன்று வாரச் சராசரியைப் பார்த்து முடிவு சொல்வார்கள் என்று கடிதம் வந்தது. அந்த நாட்களில் அவர் பேசியதையெல்லாம் எழுத எனக்கே கூசுகிறது. "ஒரு வேலைதானே உனக்குக் கொடுத்திருக்கு? தூங்கக்கூட முடியாதா?" என்று கத்தினார். "இத்தனை நாள் தூங்குமூஞ்சியா இருந்துட்டு, இப்ப வேணுங்கறப்ப முழிச்சுக்கிட்டுக் கெடக்கறியே" என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை. வாய் ஓயாத பெண் அப்படி இருந்தால் வீடே வேறு வீடாகத்தான் இருக்கும். முழிப்பு வந்தாலும் புரளாமல் அசையாமல் படுத்திருந்தாள். புரண்டால் மார்க் குறையுமே என்று.

ஒருநாள் மட்டும் கேட்டாள்: "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாமாங்க?"

"ஆஸ்பத்திரியில படுக்கச் சொல்லிட்டா பட்டையை யாரு கட்டிக்கறது? புதன்கிழமை போகட்டும். அன்னிக்குச் சாயங்காலமே நானே கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றாள். அவருடைய கூண்டு அவளுக்கும் முக்கியம்தான். அவர் கீழே இறங்கினால் எப்படி ஆவார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அந்தத் திங்கட்கிழமை அவர் இரவு வேலை முடிந்து காலையில் வந்தார். அவள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டே நாள்மா" என்றார். அன்று அவர் கத்தவில்லை. அவள் நீட்டிய கையில் பட்டையைக் கட்டினார். வீங்கிய மணிக்கட்டில் ஒரு ஓட்டை தள்ளித்தான் கட்ட முடிந்தது. கடை திறக்கும் நேரமானதும் வெளியே கிளம்பினார். அவள் கண்ணைத் திறக்காமலே, "பழுப்பு நூல் தீந்துபோச்சு. பேன்ட் துணி ஒரு துண்டு வெச்சிருக்கேன், அதுக்கு ஒத்தாப்புல பாத்து வாங்கிட்டு வாங்க" என்றாள்.

நூல் கடை நான்கு நிமிட நடை. வெளிச்சத்தில் ஒரு பழுப்பு, நிழலில் ஒரு பழுப்பு என்று கடைக்காரர் ஆறு நூல்கண்டுகளை எடுத்துப் போட்டார். துணித் துண்டை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யார்டு எண். மணி பதினொன்று பன்னிரண்டு.

கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்தார் அவர். தூங்குகிற நேரத்தில் கூப்பிடுகிறார்கள் என்றால் சந்தேகப்பட்டுவிட்டார்கள். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள். தெருச் சத்தம் கேட்காமல் இருக்கக் கடையின் பின்பக்கம், துணிக் கட்டுகளுக்கு நடுவில் போய் நின்றார். தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர் மாதிரி குரலைத் தணித்து, "ம்... யாரு?" என்றார்.

"சார், பாதுகாப்புப் பிரிவுல நர்ஸ் பேசறேன். உங்க பட்டையிலேர்ந்து அவசர எச்சரிக்கை வந்துருக்கு. நாடி ரொம்பத் தாறுமாறா காட்டுது. நீங்க நல்லா இருக்கீங்களா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். தூங்கிட்டிருந்தேன்."

"நெஞ்சு வலிக்குதா சார்? மூச்சு விட முடியுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பட்டை லூசா இருந்துச்சு, அதான் தப்பா காட்டுது."

"ஆம்புலன்ஸ் கேட்லயே நிக்குது சார். உங்க வீட்டுக்கு எட்டு நிமிஷம்தான். எதுக்கும் அனுப்பட்டுமா?"

"அய்ய, வேணாம்மா. நானே பேசறேன்ல? பேசற ஆளுக்கு எதுக்கு ஆம்புலன்ஸ்?" என்று சிரித்தார்.

நர்ஸும் நிம்மதியாகச் சிரித்தாள். "ஒரு நிமிஷம் பயந்துட்டோம் சார். நீங்க தூங்குங்க."

தப்பித்தோம் என்று இருந்தது அவருக்கு. சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக ஒரு பெருமைகூட. நிழலில் ஒத்துப்போன பழுப்பையே வாங்கினார். கடைக்காரர் மழையைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னார். பக்கத்துக் கடையில் ஒரு டீ சொன்னார். போனில் செய்தி ஒன்று வந்து விழுந்தது: 'எச்சரிக்கை முடிக்கப்பட்டது. ஊழியர் நலமாக உள்ளார்.' அதைப் படித்துவிட்டு டீயைப் பாதி குடித்தார். பட்டை லூசாகவா இருந்தது? காலையில் ஒரு ஓட்டை தள்ளியல்லவா கட்டினோம் என்று நினைத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது, அது யார் கை என்று.

முழங்கால் வலியோடு ஓடினார். நூலை வழியில் எங்கேயோ போட்டுவிட்டார். அவள் தலையணை மேலிருந்து ஒருபக்கமாகச் சரிந்திருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே, தண்ணீர்ச் சொம்பை எடுக்கப் போன மாதிரி நீண்டிருந்தது. உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டிவந்த டாக்டர், இதயம் பலவீனப்பட்டு நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். "இது ஒரே நாள்ல வர்றது இல்ல. ரெண்டு மாசமாவது மூச்சு வாங்கியிருக்கும். வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். எத்தனை மணிக்கு உயிர் போயிருக்கும் என்று அவரே யோசித்துப் பதினொன்றரை என்று எழுதிக்கொண்டார்.

மகள் சாயங்காலம் வந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுது முடித்து, துணி மாற்ற வேண்டும் என்று பெண்கள் சொன்னபோதுதான் அந்தக் கையைப் பார்த்தாள். "என்னப்பா இது, உங்க ஆபீஸ் பட்டை அம்மா கையில இருக்கு?"

அதே நேரத்தில் மனநல மேடம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஆந்தையின் மனைவி இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். உள்ளே வந்தவர் மகளின் கேள்வியைக் கேட்டார், கட்டிலில் இருந்த கையைப் பார்த்தார். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மணிக்கட்டின் துடிப்பை எட்டு வாரமாகக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"சார்... எத்தனை நாளா?" என்றார்.

"பதினாலு மாசமா மேடம்."

"என்னப்பா பதினாலு மாசம்?" என்றாள் மகள்.

அவர் சொன்னார். பதினோரு வருடத்துத் தூக்கமின்மையிலிருந்து நூல் கடை வரைக்கும், ஒன்றையும் ஒளிக்காமல் எல்லோர் முன்னாலும் சொன்னார். அனுப்பட்டுமா என்று கேட்டதையும், வேண்டாம் என்று சொன்னதையும், சிரித்ததையும் சொன்னார். அறையில் இருந்த பெண்கள் மூலையில் ஒதுங்கி நின்றார்கள்.

மகள் மேடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "அது எங்கம்மாவோடதுன்னு தெரிஞ்சிருந்தா, அதைப் பாத்தே நோய் இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

மேடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. "தெரிஞ்சிருக்கும்மா. அவருக்கு இ.சி.ஜி. சுத்தமா வந்ததாலதான் இது மனசுன்னு நெனச்சோம். உங்கம்மாவை மார்க் இறங்கின முதல் வாரத்துலயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்போம்."

"இன்னிக்குக் காலையில?"

"ஆம்புலன்ஸ் கேட்லதான் நின்னுச்சு" என்று சொல்லும்போதே மேடம் அழுதுவிட்டார்.

"நீங்க மார்க் போட்டு ஆளைக் கீழ இறக்கறேன்னு மிரட்டாம இருந்திருந்தா, எங்கப்பா இதைக் கொண்டுவந்து எங்கம்மா கையில கட்டியிருக்கவே மாட்டாரு" என்றாள் மகள். மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் குனிந்து அம்மாவின் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றினாள். வீக்கத்தில் அது பதிந்து, தோலில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"இனிமே உங்க தூக்கத்தை நீங்களே தூங்கிக்குங்கப்பா" என்றாள்.

அவர் கையை நீட்டினார். அவளே கட்டிவிட்டாள்.